லுட்விக் கிழவரின் சிவப்புத் தகடுகள்

அன்றைக்கு லுட்விக் கிழவர் வாய் திறக்கவில்லை. குகதாசனின் கோபம் இவ்வளவுதான். ஒரு வசனத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வசனத்தை அவன் பத்து வருசத்துக்கு மேல் சுமந்தான். ஹம்மர்ஸ்மித்தில் பஸ் ஏறினால் அதுவும் கூடவே ஏறியது. வெஸ்ட் ஈலிங்கில் சோற்றுக்கு முன் இருந்தால் அதுவும் பக்கத்தில் இருந்தது. அடித்தவனை மறந்துபோகலாம். பக்கத்துக் கதிரையில் இருந்து நூல் வெட்டிக்கொண்டு, அடிக்கிறதைப் பார்த்தபடி இருந்தவனை எப்படி மறக்கிறது?

ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

குகதாசன் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். சாவகச்சேரியில் லொறிக்கு மூட்டை ஏற்றியவன். 1984இல் லண்டன் வந்து அகதிக் கேஸ் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களில், கூட இருந்த கனகலிங்கம்தான் அவனை 'பொபுட்கா'வுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பட்டாளத்து முகாமில் விடியற்காலை ஊதுகிற ஊதலுக்குப் போலிஷ்காரர் வைத்திருக்கிற பெயர் அது. அந்தப் பெயரில் அவர்களுக்கு ஒரு தினப்பத்திரிகை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இங்கே வந்த சிப்பாய்கள் தொடங்கியது. சண்டை முடிந்தது, நாடு ரஷ்யாக்காரனின் கைக்குள் போனது, சிப்பாய்களும் திரும்பிப் போகவில்லை, பத்திரிகையும் போகவில்லை. போலந்துக்குள்ளே அதைக் கையில் வைத்திருந்தால் பிடித்து மறியலில் அடைப்பார்கள். முன்பக்கத்தில் நாடு விடியப் போகிறது என்று எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, செத்தவர்களின் பெயர்களைப் போடுவார்கள். கடைசிப் பக்கம் ஒரு நாளும் பொய்த்ததில்லை.

பத்திரிகையை உறை போட்டு, விலாசம் அடித்து, கட்டுக் கட்டித் தபாலுக்கு அனுப்புகிற அறை கீழ்த் தட்டில் இருந்தது. அந்த அறையின் ராசா லுட்விக். அப்போதே அவருக்கு அறுபத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் பட்டாளம், பிறகு சைபீரியா, அங்கிருந்து பாரசீகம், அங்கிருந்து இத்தாலி. இத்தாலியில் வலக்கையின் மூன்று விரல்கள் போயின. கலியாணம் இல்லை. ஈலிங்கில் ஒரு விதவையின் வீட்டு மேலறையில் இருந்தார். பேனா பிடிக்க ஏலாது. ஆனால் மிஞ்சின இரண்டு விரலாலே அவர் கட்டுப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் பத்து விரல் உள்ளவனுக்கு வெட்கம் வரும். பத்திரிகை ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை என்பது அவருடைய வாழ்க்கையின் ஒரே பெருமை.

சந்தாக்காரர் ஆளுக்கொரு துத்தநாகத் தகடு. தகட்டில் பெயரும் விலாசமும் எழும்பி நிற்கும். தகட்டை மெஷினில் வைத்துக் காலால் மிதித்தால் ஊதா மையில் விலாசம் உறையில் விழும். ஆயிரக்கணக்கில் தகடுகள், சுவர் முழுக்க இழுத்துத் திறக்கிற லாச்சிகள். வந்த மூன்றாம் மாதம், கடைசிப் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தில் ஒரு பெயரைக் கண்டு, எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்தத் தகட்டைத் தானாகவே கழற்றி வைத்தான் குகதாசன். நல்ல வேலை செய்ததாக நினைப்பு. நாலாம் நாள் அந்த மனுசனின் பெண்சாதி குடையோடு வந்து நின்றாள். புருசன் செத்தால் என்ன, பேப்பர் அவருடைய பெயருக்குத்தான் வரவேண்டுமாம்.

"பான் குகா," என்றார் லுட்விக், அவள் போன பிறகு. "எங்கடை ஆக்கள் செத்தாலும் சந்தா கட்டுவினம். கடவுள் சொன்னாலும் தகட்டிலை கை வைக்காதையும். நான் சொன்னால் மட்டும் எடும்."

இருவரும் பேசியது உடைந்த இங்கிலீஷ். குகதாசன் அதை வீட்டில் சொல்லும்போது தமிழாக்கித்தான் சொல்வான். அப்படியே இங்கேயும் வருகிறது. 'பான்' என்றால் ஐயா. போலிஷ்காரர் கூட்டித் துடைக்கிறவனையும் ஐயா போட்டுத்தான் கூப்பிடுவார்கள். கனகலிங்கத்துக்கு அது பெரிய பகிடி. "என்ன பாண் குகதாசன், பேக்கரியோ வைச்சிருக்கிறாய்?" என்பான். குகதாசன் சிரிப்பான். ஆனால் ஊரிலும் லண்டனிலும் வேறு ஒருத்தரும் அவனை ஐயா என்று கூப்பிட்டதில்லை.

அடி வரிசையில் ஒரு லாச்சி பூட்டிக் கிடந்தது. திறப்பு லுட்விக்கின் கழுத்தில், மாதா படத்தோடு ஒரே சங்கிலியில். உள்ளே பதினான்கு தகடுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மை. போலந்தின் வடகரையில் ஒரே நகரத்தில் இருந்த பதினான்கு பேர். அவர்களுக்குப் பத்திரிகை தபாலில் போகாது. மாதா கோயில்காரர் உதவிச் சாமான் ஏற்றுகிற லொறிகளில் பார்சலாகப் போகும். கோப்பியைச் சுற்றிய கடதாசி பத்திரிகை. சவுக்காரத்தைச் சுற்றியதும் அதுதான். சப்பாத்துக்குள் திணித்ததும் அதுதான். பார்சலின் மேலே விலாசம் மட்டும் அதே மெஷினில், அதே ஊதா மையில். லொறிக்காரன் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பான். இது அந்தக் கட்டிடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: பத்திராதிபர், லுட்விக், பிறகு குகதாசன்.

1985 நத்தார் வந்தது, யேசு பிறந்த நாள். அவர்களிடம் ஒரு வழக்கம். மாவில் சுட்ட, அப்பளத்திலும் மெல்லிய, உப்பும் இனிப்பும் இல்லாத ஒரு வெள்ளைத் தகடு. நத்தாருக்கு முதல்நாள் ஆளுக்காள் அதை உடைத்துக் கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கடித உறையில் வைத்து அனுப்புவார்கள். அனுப்பாமல் விட்டால், உன்னை நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். லுட்விக் குகதாசனுக்கும் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். "உம்முடைய நாட்டுக்கும் நல்லது வரட்டும்," என்றார். அது நாக்கில் பட்டதும் கரைந்து போனது.

தை மாதம் மூன்றாம் கிழமை செய்தி வந்தது. அந்தக் கடற்கரை நகரத்தில் ஒரே விடியலில் பதினான்கு வீட்டுக் கதவையும் பொலிஸ் உடைத்திருக்கிறது. பதின்மூன்றும் இல்லை, பதினைந்தும் இல்லை. சரியாகப் பதினான்கு.

மேல்மாடியில் குகதாசனைக் கூப்பிட்டார்கள். பத்திராதிபர் ஒரு மேசையின் பின்னால். அவருக்குப் பக்கத்தில் பழைய பட்டாளத்து ஆள் ஒருத்தர், குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்கிறவர். ஓரத்தில் லுட்விக், கையில் கட்டு நூலும் சின்னக் கத்தியும். வேலையின் நடுவில் கூப்பிட்டதால் அப்படியே கொண்டுவந்திருந்தார்.

உன் அகதிக் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது? யாராவது உதவி செய்கிறேன் என்று வந்தார்களா? ரஷ்யத் தூதரகத்துப் பக்கம் போயிருக்கிறாயா? சிவப்புத் தகட்டு லாச்சியைத் திறந்தாயா?

"திறப்பு என்னட்டை இல்லை. பான் லுட்விக்கைக் கேளுங்கோ," என்றான் குகதாசன்.

எல்லாரும் லுட்விக்கைப் பார்த்தார்கள். லுட்விக் நூலைப் பார்த்தார். ஒரு முழம் அளந்து வெட்டினார். இன்னொரு முழம் அளந்து வெட்டினார். கத்தி நூலை அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலையால் நிற்பாட்டவில்லை, சாட்சி இல்லை. கடதாசிச் சுருள் இறக்குகிற நிலவறைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது நிலத்தில் கிடக்கும். நாள் தவறாமல். தேத்தண்ணி அறைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

"வாயைப் பொத்திக்கொண்டிரு," என்றான் கனகலிங்கம். "கேஸ் நிக்குது. சண்டை பிடிச்சால் அவங்கள் ஒரு கடிதம் போட்டாலே போதும், உன்னைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

பொத்திக்கொண்டு இருந்தான். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். மறியலில் நெஞ்சு பழுதாகி, வெளியே வந்து, 1988இல் செத்துப்போனார். அவருடைய பெயர் கடைசிப் பக்கத்தில் பெரிய கட்டத்தில் வந்தது. அன்றைக்குக் குகதாசனின் கோட்டை நிலத்தில் போட்டதோடு விடவில்லை, மிதித்தும் இருந்தார்கள்.

பிறகு எல்லாம் தலைகீழானது. 1989இல் அங்கே தேர்தல் வந்து ரஷ்யாக்காரனின் ஆட்கள் விழுந்தார்கள். அடுத்த வருச முடிவில், லண்டனில் இருந்தபடியே ஐம்பது வருசமாகப் போலந்துக்கு அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்த கிழவர்கள் முத்திரையையும் கொடியையும் கொண்டுபோய் வார்சாவில் கொடுத்துவிட்டு வந்தார்கள். பொபுட்கா காரியாலயத்தில் அழுதார்கள், குடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். அடுத்த கிழமை மேல்மாடியில் ஒரு அமைதி விழுந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாத பத்திரிகை என்னத்தை எழுதுகிறது? நாடு விடிந்துவிட்டது, ஊதல் யாருக்கு? சந்தாக்காரர் ஒவ்வொருவராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள். இப்போது லுட்விக்கே வந்து தகடுகளைக் கழற்றச் சொன்னார். விதவைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். லாச்சிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. இழுத்தால் முன்னைப்போல் பாரம் இல்லை. கை பின்னுக்குப் போய் விழும்.

கீழே வேலைக்கு ஆள் கிடைக்காததால் 1991இல் குகதாசனைத் திரும்பவும் அந்த அறைக்கு எடுத்தார்கள். மன்னிப்பு ஒன்றும் இல்லை. லுட்விக்கும் அவனும் எதிர் எதிராக நின்று ஐந்து வருசம் கட்டுக் கட்டினார்கள். நூல் எங்கே, மழை வருகுது, தபால் வான் வந்திட்டுது: இவ்வளவுதான் பேச்சு. கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பான். கேட்கமாட்டான். கிழவரோ அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. 1993இல் கொம்பியூட்டர் வந்து, ஒட்டுகிற விலாசங்களாக அது தள்ளத் தொடங்கியதும், தகடுகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான். பூட்டின லாச்சியை அதற்கு முன்னமே யாரோ வெறுமையாக்கி இருந்தார்கள்.

1996 ஐப்பசியில் மார்த்தா வந்து இறங்கினாள். செத்துப்போன வாத்தியாரின் மகள். முப்பது வயதிருக்கும். அங்கே பொலிஸ் கட்டிடத்தில் பழைய பைல்களைத் தேடிப் பார்த்திருக்கிறாள், அரைவாசியை எரித்துவிட்டார்கள். மிஞ்சினதில் இருந்தது ஒரு வரி: 'பதினான்கு விலாசங்களும் லண்டனிலிருந்து கிடைத்தன.' அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தன் தகப்பனைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று பொபுட்காவில் சனிக்கிழமைதோறும் எழுதத் தொடங்கினாள். பத்திரிகைக்கு உயிர் வந்தது. ஏழு வருசத்துக்குப் பிறகு திட்டுவதற்கு ஆள் கிடைக்கப் போகிறது.

குகதாசனுக்குப் போலிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கூட்டம் விலகுவதை வாசிக்கத் தெரியும். ஈலிங்கில் எப்போதும் பாண் வாங்குகிற போலிஷ் கடைக்காரி அவனைத் தாண்டிப் பின்னால் நின்றவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். வீட்டு டெலிபோன் பின்னேரம் ஐந்து மணிக்கு அடிக்கத் தொடங்கியது.

"ஒருத்தரும் கதைக்கினமில்லையப்பா," என்றாள் பெண்சாதி தவநாயகி. "மூச்சு மட்டும் கேக்குது. வயசு போன ஆளின்ரை மூச்சு."

"வைச்சிட்டு வாரும்."

"நீங்கள் என்ன செய்தனியள் எண்டு எனக்கெண்டாலும் சொல்லுங்கோ."

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாத ஆளுக்கு ஏன் ஆக்கள் மூச்சு விடினம்?"

அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது. பெண்சாதியே சந்தேகப்படுகிறாள்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை பத்திராதிபர் கூப்பிட்டார். இவர் புதியவர், சிரித்த முகம். "மார்த்தாவின் கடைசிக் கட்டுரை இந்தச் சனிக்கிழமை. அந்த அறையில் ஒரு வெளியாள் இருந்ததாக வருகிறது. கவலைப்படாதே, உன் பெயர் இல்லை. 'ஆசியத் தொழிலாளி' என்றுதான் போடுகிறோம்."

"லண்டனிலை போலிஷ் பேப்பருக்குக் கட்டுக் கட்டிற ஆசியாக்காரன் எத்தினை பேர், சேர்?"

அவர் சிரித்த முகத்தோடே கதவைப் பார்த்தார்.

லுட்விக் அப்போது ஆஸ்பத்திரியில். நுரையீரலில் தண்ணீர், எண்பது வயது, இனி வீட்டுக்கு வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் குகதாசன் போனான். கேட்டே தீருவது என்று போனான். சனிக்கிழமைக்கு முன்னர் ஒருத்தர் வாய் திறக்கவேண்டும் என்றால், திறக்கக்கூடிய வாய் அது ஒன்றுதான்.

கட்டிலடியில் மார்த்தா இருந்தாள். கிழவரின் இரண்டு விரல் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள். மேசையில் வெள்ளைப் பூ. குகதாசனைக் கண்டதும் எழும்பினாள். கிழவரின் நெற்றியில் கொஞ்சிவிட்டு, சுவரை ஒட்டி, அவன் கோட்டு நுனிகூடத் தன்னில் படாமல் விலகி வெளியே போனாள்.

குகதாசன் அவள் விட்ட கதிரையில் இருந்தான். சூடு இன்னும் ஆறவில்லை.

"என்னை மேலை கூப்பிட்ட அண்டைக்கு, நீங்கள் ஏன் பேசேல்லை?"

லுட்விக் கண்ணை மூடிக்கொண்டார்.  மூடியபடியே கேட்டார்.

"நத்தாருக்கு நீர் தபால் கந்தோருக்குப் போனது ஞாபகமோ?"

"எந்த நத்தார்?"

"அந்த நத்தார். ஒரு கட்டுக் கடிதம் தந்தன். சின்ன உறை."

ஞாபகம் இருந்தது. மழை. கட்டை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். எண்ணிப் பார்க்கவில்லை.

"பதினாலு," என்றார் லுட்விக். "ஒவ்வொண்டுக்குள்ளையும் நத்தார்த் தகடு. அவையள் எங்களுக்காக உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருக்கேக்கை, நத்தாருக்கு ஒரு துண்டு அனுப்பாமல் விடுறதோ? பேர் எழுதேல்லை, ஒரு வரி எழுதேல்லை. வெறும் தகடு. அதிலை என்ன குற்றம் எண்டு நினைச்சன்."

"விலாசம்?"

கிழவர் கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல். "நான் என்னத்தாலை எழுத? மெஷினிலை அடிச்சன்."

அப்போதுதான் குகதாசனுக்கு விளங்கியது. ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று இருந்தான்.

"கார்த்திகையிலை ஒரு லொறியை எல்லையிலை பிடிச்சவங்கள். ஒரு பார்சல் அவங்கடை கையிலை பட்டிட்டுது. மழையிலை பேர் அழிஞ்சு பாதிதான் இருந்ததாம்; ஆளைப் பிடிக்க ஏலாமல் விட்டிட்டாங்கள். ஆனால் எழுத்து இருக்குது தானே. ஊதா மை. எங்கடை மெஷினிலை ஒரு எழுத்தின்ரை கால் தேஞ்சிருக்கும். பிறகு நத்தாருக்கு அதே எழுத்து, அதே மை, பதினாலு உறையிலை, அவங்கடை தபால் கந்தோருக்கே நான் அனுப்பியிருக்கிறன். ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டை வைச்சுப் பாத்தால் முடிஞ்சுது. ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை, பான் குகா. உம்மைக் கொண்டு எழுதுவிச்சிருந்தால்கூடத் தப்பியிருப்பினம்."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மேலை கூப்பிட முதலே. படியிலை ஏறேக்கை விளங்கியிட்டுது."

படியில் ஏறும்போது. அப்படியானால் நூலை அளந்து வெட்டிய ஒவ்வொரு முழத்திலும் தெரிந்திருக்கிறது. ஐந்து வருசம் எதிரே நின்று கட்டின ஒவ்வொரு கட்டிலும் தெரிந்திருக்கிறது. குகதாசன் எழும்பி யன்னலடிக்குப் போனான். கீழே பஸ் தரிப்பில் மார்த்தா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் இன்னும் வரவில்லை.

"அவள் கீழை நிக்கிறாள். கூப்பிடுறன். இப்ப சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"ஏலாது."

"ஏன் ஏலாது? செத்துக்கொண்டிருக்கிற உங்களை ஆர் என்ன செய்யிறது?"

"பட்டாளத்து ஆக்களோடை எனக்கு ஒரு குழி இருக்குது. ஐம்பது வருசமாய் அவையளோடை இருந்தனான். அவளின்ரை தேப்பனைச் சாகக் குடுத்தது நான் எண்டால், அந்தக் குழிக்குள்ளை என்னை விடமாட்டினம். நான் போன பிறகு நீர் சொல்லும். எழுதியும் தந்திருப்பன், கை இல்லை."

"நீங்கள் போன பிறகு நான் சொன்னால் ஆர் நம்புவினம்? தபாலிலை போட்டது ஆர் எண்டு கேப்பினம். நான் எண்டு சொல்லவேணும். பிறகு?"

லுட்விக் போர்வை நுனியைப் பார்த்தார். மேல்மாடியில் இருந்த அதே முகம். நூல் மட்டும்தான் இல்லை. தெரு முனையில் சிவப்பு பஸ் திரும்பியது. ஓடினால் பிடிக்கலாம். இரண்டு மாடிதான். ஆனால் ஓடிப்போய் அவளிடம் என்ன சொல்வது? உன் தகப்பனுக்குப் போன கடிதத்தை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன் என்றா? கட்டிலில் கிடக்கிறவர் தலையை ஆட்டி ஓம் என்று சொல்லாவிட்டால், அவள் எழுதாமல் விட்ட பாதியையும் அவனே எழுதிக் கொடுத்ததாக முடியும். குகதாசனின் கை யன்னல் கம்பியில் இருந்தது. மார்த்தா குடையை மடக்கினாள். ஏறினாள். பஸ் போனது.

பிறகும் அவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தவநாயகி பின்னர் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கிழவருக்கு இருமல் எழுந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் பருக்கினான். பத்து வருசமாக அவன் மனதுக்குள் திட்டின மனுசனின் தலை. ஒரு பேப்பர்க் கட்டளவு பாரமும் இல்லை. மூச்சு அடங்கியதும் லுட்விக், அத்தனை வருசத்தில் முதல் தரமாக, நேராக அவன் முகத்தைப் பார்த்தார். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பதும், சனிக்கிழமைப் பேப்பர் நாளைக்குத்தான் அச்சாகி வரும் என்பதும், அதில் என்ன வருகிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். மார்த்தா அதைத்தான் கட்டிலடியில் இருந்து வாசித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். சனிக்கிழமை காலையிலே அவர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். ஆகவே லுட்விக் குகதாசனிடம் கேட்ட கடைசிக் காரியம் இதுதான்:

"நாளையான் பேப்பரை மற்ற ஆக்களிட்டை விடாதையும், பான் குகா. நீரே கட்டும். மூண்டரை மணி வான் போகமுதல் எல்லாம் ஏத்திப்போடும். ஒரு கட்டும் பிந்தக்கூடாது."